சாந்தோம் வீட்டில் சாயங்காலம் அறுந்த லைன்

கேம் கன்சோல் புகார் என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். நானும் சுளித்தவன்தான். நெட் சுத்தமாக வரவில்லை என்றால் கவலையே இல்லை, எங்கேயோ வயர் போயிருக்கிறது, தேடிப் பிடித்துவிடலாம். ஆனால், "எல்லாம் நல்லாத்தான் வருது, கேம் மட்டும் நடுவுல நடுவுல கட் ஆகுது" என்று ஒருவர் சொன்னால் அது கையில் அகப்படாத புகார். நீங்கள் போய் நிற்கும்போது கட் ஆகாது. கையெழுத்து வாங்கிக்கொண்டு தெருமுனை தாண்டியதும் கட் ஆகும். மறுநாள் காலையில் அதே வீட்டிலிருந்து போன் வரும், குரல் இன்னும் ஏறியிருக்கும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசுங்கள் என்று ஆபீசில் கூப்பிட்டார்கள். வேலையை எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் கருவி என்னைவிட நன்றாகவே சொல்லும். நான் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகு, பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை மறந்துபோய்விட்டன. இது போகவில்லை.

அப்போதெல்லாம் நம் வயர் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவித்தான் போகும். மயிலாப்பூரையும் மந்தைவெளியையும் நான் தெருவழியாகத் தெரிந்துகொண்டதைவிட மாடிவழியாகத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். எந்த மாடியில் வடாம் காயும், எந்த மாடியில் நாய் அவிழ்த்துவிட்டிருக்கும், எந்த வீட்டு அம்மா ஏணியைப் பார்த்ததும் மோர் கொண்டுவந்து கொடுப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சாந்தோம் பக்கம் போனால் கடல் காற்றில் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்து உதிரும். மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றிவிட்டு வந்தால் மழை முடிவதற்குள் மறுபடி மாற்ற வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் அந்த மாடிகளில் நின்று வேலை செய்யும்போது அடிக்கிற காற்றுக்காக எனக்கு அந்த ஏரியா பிடிக்கும். இப்போது பைபர் வந்துவிட்டது, யாரும் மாடி ஏறுவதில்லை. உங்களுக்கு மூட்டுவலி வராது, நல்லதுதான். அந்தக் காற்று மட்டும் உங்களுக்குக் கிடைக்காது.

அந்த வீட்டுக்குள் போவதற்கு முன்னால் எங்கள் கன்ட்ரோல் ரூம் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். என்னைவிட வயதில் சின்னவர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரே நாற்காலியில் இருப்பார். எந்தத் தெருவில் எந்தப் பெட்டி பழுதாகும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் நாங்கள் அவரை மதித்தது அதற்காக இல்லை.

தி.நகரில் ஒரு பிளாட்டில் இப்படித்தான் தினமும் சாயங்காலம் கேம் கட் ஆகிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் போய்ப் பார்த்துக் கண்டுபிடித்தார். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா பெருக்கும்போது வயர் காலில் தட்டுகிறது என்று ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகுகிறார். நம் ஆள் அதைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, கண்டுபிடித்த சந்தோஷத்தில் திரும்பி வந்துவிட்டார். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர் மேடத்துக்கு நன்றி சொல்லப் போன் செய்தார். "இப்ப பிரச்சினையே இல்லைங்க, ஆளையே மாத்திட்டோம்" என்றாராம். மேடம் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். ரவுட்டரை அலமாரி மேல் ஏற்றிவைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும் காரியம் அது.

அதற்குப் பிறகு எங்களில் யார், காரணம் தெரிந்துவிட்டது என்று போன் செய்தாலும், அவர் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "சரி, அது யார் தலையில விழும்?"

இப்போது சாந்தோம் வீடு. கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் ஒரு சின்ன மாடி வீடு. கீழே மரியதாஸ் அண்ணன். பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், நான் போனபோது டியூட்டியில் இருந்தார். மகள் ஜெனி, காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். மாடியில் அவருடைய தம்பி சேவியர் தன் குடும்பத்தோடு இருந்தார். ஏசி ரிப்பேர் செய்கிறவர். வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு. கடலில் தொழில் செய்த அப்பா கட்டிய வீடு, மகன்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போகவில்லை.

புகார் மரியதாஸ் அண்ணனிடமிருந்துதான் வந்தது. ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. மகள் விளையாடும் கன்சோலில் லைன் கட் ஆகிறது. நம் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். வயரை மாற்றினார்கள், ரவுட்டரை மாற்றினார்கள், கன்சோலில் ஏதோ சினிமா ஓடவிட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்தார்கள். கடைசியில் ஆபீசில், அது வாடிக்கையாளரின் கருவியில் உள்ள கோளாறு என்று முடித்துவிடச் சொன்னார்கள். அதைச் சொல்லிவிட்டு வரத்தான் என்னை அனுப்பினார்கள்.

நான் மதியம் போனேன். மரியதாஸ் அண்ணன் காலை ஷிப்ட் முடித்து வந்து, கேட்டை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இன்னாபா, நீயும் பாத்துட்டு நல்லா கீதுன்னு எழுதிட்டுப் போகப்போறியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அவருடைய அம்மா இறந்துபோனதிலிருந்து மகள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லையாம். சாயங்காலம் அந்த விளையாட்டில் உட்கார்ந்தால்தான் அவள் குரலே கேட்கிறது, காலேஜ் சிநேகிதிகளோடு ஏதோ பேசிச் சிரிக்கிறாள். லைன் கட் ஆனால் எழுந்து போய்ச் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாள். "எனுக்கு அந்த கேமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பொண்ணு சிரிக்கணும். அத்துக்குத்தான் உங்க ஆபீசுக்கு இத்தினி வாட்டி போன் பண்ணிக்கினு கீறேன்."

கருவியில் கோளாறு என்று சொல்ல வந்தவன் அதைச் சொல்லவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்றேன். நம் ஆட்கள் எல்லாரும் பகலில் போய்ப் பகலில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் சொல்வதோ சாயங்காலக் கதை. ஒரு மனிதர் தன் வீட்டில் எப்போது என்ன நடக்கிறது என்று சொன்னால், அந்த நேரத்தில் அங்கே போய் உட்காருவதைவிடப் பெரிய சோதனை எதுவும் இல்லை.

என் ஷிப்ட் முடிந்ததும் போனேன். அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். ஜெனி உள்ளே டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து ஹெட்செட் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து, என் லேப்டாப்பை ரவுட்டரில் சேர்த்துவிட்டு, நீ பாட்டுக்கு விளையாடும்மா என்றேன். அவள் மைக்கில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். விளையாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போனது. திடீரென்று திரை நின்றது. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று எழுத்து வந்தது.

அதே நொடியில் மாடியில் யாரோ, "ச்சே, மறுபடியுமா" என்று சொன்னது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அந்த ரவுட்டரில் ஒன்று இல்லை, இரண்டு கன்சோல்கள் சேர்ந்திருந்தன. ஒன்றின் சிக்னல் பலமாக இருந்தது, இன்னொன்று தளத்தைத் தாண்டி வருவதுபோல மெலிந்து இருந்தது. இரண்டும் ஒரே ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு இழுத்தன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அந்தத் திண்டாட்டம்தான். பிறகுதான் தெரிந்தது, ஏதோ வீடியோவில், முகவரியை இப்படி நிரந்தரமாக வைத்தால் கேம் வேகமாகப் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே வீடியோவைப் பார்த்து ஒரே எண்ணைப் போட்டிருக்கிறார்கள். பகலில் மாடியில் இருப்பவர் வேலைக்குப் போய்விடுவார், அதனால் பகலில் கோளாறே கிடையாது.

காரணம் கிடைத்துவிட்டது. சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. ஆனால் மாடியில் இருப்பவரின் கன்சோல் இந்த லைனில் எப்படி வந்தது?

நான் கேட்கவே இல்லை, அவளாகவே சொன்னாள். கேட்டுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கிசுகிசுப்பாகச் சொன்னாள். மாடியில் விளையாடுவது சித்தப்பா. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முதன்முதலில் கன்சோல் வாங்கிக் கொடுத்து, விளையாடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். தினமும் சாயங்காலம் கூடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவார்களாம். பிறகு அவளுடைய ஆயாவுக்கு, அதாவது அண்ணன் தம்பியின் அம்மாவுக்கு, உடம்புக்கு வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தம்பி சொன்னார். எப்போதும் பார்க்கிற டாக்டர் வரட்டும், அலைக்கழிக்க வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். விடிவதற்குள் அம்மா போய்விட்டார். கல்லறையில் மண் போடும்போது உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "நீதான்டா அம்மாவைக் கொன்னே" என்று தம்பி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போய்விடுவார்.

சித்தப்பா தனக்கென்று ஒரு கன்சோல் வாங்கினார். ஜெனி பாஸ்வேர்டைக் கொடுத்தாள். அப்பா நினைத்த காலேஜ் சிநேகிதிகள் என்று யாரும் இல்லை. தலைக்கு மேலே, ஒரு தளம் தாண்டி, சித்தப்பாதான் இருந்தார்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. லைனையே கட் பண்ணிடுவாரு" என்றாள்.

நான், கம்பத்தில் இருக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மரியதாஸ் அண்ணனிடம் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தேன். பெட்டியில் பார்க்க ஒன்றும் இல்லை. மேடத்துக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் மனதில் இருந்த வழியையும் சொன்னேன். சத்தமில்லாமல் முகவரியை மாற்றிவிட்டு, ரவுட்டரில் சின்ன கோளாறு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். எல்லாருக்கும் நிம்மதி.

மேடம் கொஞ்சம் யோசித்தார். "லைன் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

"பெரியவர் பேர்லதான் மேடம்."

"அப்ப அவருக்குத் தெரியணும். அவர் வீட்டு லைன்ல யார் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியாம நாம மறைக்கக்கூடாது. ஆனா அது உங்க வாயால தெரியணும்னு ஒண்ணும் இல்லை."

அவரே தொடர்ந்தார். "அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க. அதுவே சொல்லட்டும். நீங்க சொன்னா அவருக்கு அது திருட்டாத் தெரியும். அது சொன்னா வேற."

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரு வீட்டுக்குக் கொடுத்த லைனை இன்னொரு வீட்டுக்குப் பகிரக்கூடாது என்பது கம்பெனி விதி. அதையும் கேட்டேன். "மாடிக்குத் தனிக் கதவு எண் இருக்கா?" என்றார். இல்லை, ஒரே எண்தான் என்றேன். "அப்புறம் என்ன, ஒரே வீடுதான்" என்று போனை வைத்துவிட்டார்.

நான் உள்ளே போய் ஜெனியிடம் மெதுவாகச் சொன்னேன். நானாகப் போய் உன் அப்பாவிடம் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன். எனக்கு மொட்டைமாடியில், வெளியே என்று இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வர நேரமாகும். அவள் கண் கலங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஒரு சின்னப் பெண்ணின் தலையில் சுமையை ஏற்றிவிட்டோமோ என்று தெருவுக்கு வரும்வரை உறுத்தியது. டீக்கடைக்குப் போனேன். டீ வாங்கினேன், குடித்தேனா என்று நினைவில்லை. சண்டைச் சத்தம் கேட்கிறதா என்று காது அந்தச் சந்துப் பக்கமே இருந்தது. எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது கேட்டருகே நாற்காலி காலியாக இருந்தது. மரியதாஸ் அண்ணன் கூடத்தில், டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெனி சுவரோரம் நின்றாள். அழுது முடித்த முகம்.

"மேல கீறவனுக்கும் நம்ம லைன்தானா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு நான் ஒருவன் அங்கே நிற்பதையே மறந்தவர்போல மகளைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா பேசுவான்?"

"கேம் பத்திதான்பா" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "நீ பிரஷர் மாத்திரை போட்டியான்னு கேக்கும். அம்மாவுக்கு நைட் டியூட்டியான்னு கேக்கும். சில நாள் ஆயா நெனப்பு வந்துடும் அதுக்கு. அப்ப வெளையாடாது, பேசாது. கட் பண்ணவும் பண்ணாது. சும்மா லைன்ல இருக்கும். நானும் இருப்பேன்."

மரியதாஸ் அண்ணன் எழுந்து போய் அடுப்படியில் தண்ணீர் குடித்தார். சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். அவர் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தில் நானும் அந்தப் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வந்து நின்றார்.

"பாஸ்வேர்ட மாத்து" என்றார்.

அவ்வளவுதான், எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். ஜெனி உள்ளே போய்விட்டாள். அவர் வீடு, அவர் லைன், நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. லேப்டாப்பைத் திறந்து, என்ன வைக்கலாம் என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் தட்டினேன். ஏதோ மாதாவின் பெயர், அதோடு ஒரு எண். கோயில் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். மாற்றி முடித்துக் கீழே இருந்த கன்சோலைச் சேர்த்தேன். அதற்குத் தனி முகவரி கொடுத்தேன்.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டார். "ரெண்டும் ஒண்ணா ஓடுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "மேலயும் கீயயும். ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுமா, கட் ஆவாம?"

ஓடும்ணா, மாடியில் இருப்பதிலும் ஒரு செட்டிங் மாற்றினால் போதும் என்றேன்.

"அப்ப போய் மாத்திட்டு வந்துடு. புது பாஸ்வேர்டையும் சொல்லிடு." ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லாத."

படி ஏறினேன். சேவியர் கதவைத் திறந்தார். அண்ணன் முகச்சாயல் அப்படியே, கொஞ்சம் ஒல்லி. என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பயந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். "பாப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க சார், நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றார். ஜெனி தானாகத்தான் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் காப்பாற்றப் பொய் சொன்னார்.

யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, லைனைச் சரிசெய்ய வந்திருக்கிறேன் என்றேன். அவர் கன்சோலில் முகவரியை மாற்றினேன். பாஸ்வேர்டு கேட்டது. அதையும் மாற்றியிருக்கிறோம், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், சொல்கிறேன் என்று கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன்.

எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். எஸ் என்றேன். ஏ, எச், ஏ என்றேன். அவர் விரல் நின்றது. பிறகு நான் சொல்லாமலேயே மீதி எழுத்துகள் எல்லாவற்றையும் அவரே போட்டார். சகாயமாதா. கடைசியில் வருகிற எண்ணையும் போட்டார். ஒன்றுகூடத் தப்பில்லை. இணைந்துவிட்டது என்று திரையில் வந்தது.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்கும்.

"எங்க நைனாவோட படகு பேரு" என்றார். "குப்பத்துல அதுக்குப் போட்ட நம்பர். நானும் அவனும் சின்னப் பசங்களா இருக்கும்போது அது கரைக்கு வர்ற நேரத்துக்கு ஓடிப்போய் நிப்போம். அந்த நம்பரை யார் மொதல்ல பாக்கறான்னு எங்களுக்குள்ள போட்டி." கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "இத்த வேற யாரும் வெச்சிருக்க முடியாது."

நான் வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இறங்கி வரும்போது கீழே ஜெனியின் குரல் கேட்டது. சித்தப்பா, கேக்குதா என்று மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கிசுகிசுப்பாகக் கேட்கவில்லை. மரியதாஸ் அண்ணன் தன் நாற்காலியில் கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. டீ குடிக்கிறாயா என்றுதான் கேட்டார்.

அன்றோடு அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. கல்லறையில் சொன்ன வார்த்தை அவ்வளவு சுலபத்தில் போய்விடாது. அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு புகார் மட்டும் வரவில்லை. நான் பைக்கில் அந்தச் சந்தைத் தாண்டும்போதெல்லாம் நாற்காலியைப் பார்ப்பேன். எப்போதும் ஒரே நாற்காலிதான் இருக்கும்.

புகார் நின்றால் வேலை முடிந்தது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானும் நிறைய வீடுகளில் அப்படித்தான் முடித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு நான் போட்டிருந்த கணக்குப்படி, சத்தமில்லாமல் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால், லைன் அறுந்திருக்காது, புகாரும் வந்திருக்காது, அந்தப் பெண் இன்னும் பல வருஷம் அப்பாவுக்குப் பயந்து மெதுவாகவே பேசிக்கொண்டிருந்திருப்பாள். கண்டுபிடித்தது முழுவதையும் முதலில் நின்றவரிடம் கொட்டிவிட்டு வந்திருந்தால் அவர் லைனையே பிடுங்கியிருப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை, மேடத்துக்குத் தெரிந்தது. உங்களுக்கும் அவசரத்தில் தெரியாமல் போகலாம். அப்போது கம்பத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். யாருக்காவது போன் செய்யுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் எந்த வீடும் காத்திருக்கும்.

பிறகு சாந்தோம் பக்கமும் பைபர் வந்தது. பழைய வயரை எல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாக இழுக்கும் வேலை. என் முறைக்கு அந்தச் சந்து வந்தது. ஜெனிக்கு அதற்குள் பெருங்குடியில் வேலை கிடைத்து, காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள் என்று அவளுடைய அம்மா சொன்னார். முதல்முறையாக அன்றுதான் அந்த அம்மாவை வீட்டில் பார்த்தேன். வயரைக் கம்பத்திலிருந்து இழுத்துக் கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஏணியைச் சாத்தி ஏறி, ஜன்னலுக்கு மேலே ஒரு இடத்தில் துளை போடலாமா என்று கேட்டேன். மரியதாஸ் அண்ணன் கீழே நின்று பார்த்துவிட்டு, அங்கேயே போடு என்றார்.

"அங்க வேணாம்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. சேவியர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழைத்தண்ணி அந்த வழியாத்தான் எறங்கும். சுவரு ஊறிடும்."

"எத்தினி வருசமா கீயே நான் குடியிருக்கேன். எனுக்குத் தெரியாதா எங்க தண்ணி எறங்கும்னு?" என்றார் அண்ணன், தலையை நிமிர்த்தி.

"தெரிஞ்சா போன மழைல ஏன் ஊறுச்சு?"

"அது நீ மேல ஏசி மாட்டறேன்னு ஓட்டை போட்டு வெச்சதால ஊறுச்சு."

"நான் போட்டது அந்தாண்ட பக்கம். கண்ணாடி போட்டுக்கினு பாரு."

அண்ணனின் மனைவி வாசலுக்கு வந்து, நிலையில் சாய்ந்து நின்று, என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவர்கள் விடவில்லை. சுவரிலிருந்து ஏசிக்கு, ஏசியிலிருந்து அப்பா கட்டியபோது கொத்தனார் செய்த தப்புக்கு என்று பேச்சு எங்கெங்கோ போனது. நான் துளைபோடும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பியபோது, ஒரு வீட்டில் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். சுவர் ரொம்பக் கெட்டி என்று சொல்லிவிட்டேன்.